வளைபரப்பில் மீளுருக்கள்: உருளையும் குவிமாடமும்

கணினிவழி வடிவமைப்பில், அதாவது பொறியாளர் வழக்கில் கேட் எனப்படும் முறையில், ஒரு சிறு உருவை வளைந்த பரப்பொன்றின் மீது இடைவிடாது திரும்பத் திரும்பப் பதிக்கும் வேலை, பெரும்பாலும் எந்தக் கட்டளையைக் கொடுப்பது என்ற அளவிலேயே கற்பிக்கப்படுகிறது. ஆனால் அவ்வேலையில் எது இயலும், எது இயலாது என்பதைக் கட்டளைக்கு முன்பே தீர்த்துவிடுவது பரப்பின் வளைவாகும். எனவே உருவை வரையுமுன் பரப்பைப் படிப்பதே முறை என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் உருளை. திருகோணமலைத் துறைமுகப் பகுதியில், சீனக்குடாவில் பிரித்தானியர் அமைத்த எண்ணெய்க் குதங்களுள் இன்று 99 கணக்கில் உள்ளன. அவற்றின் உருளைச் சுவர் ஒரு திசையில் மட்டுமே வளைவது. தட்டையான தகட்டை நீட்டாமலும் சுருக்காமலும் வளைத்தே அதைப் பெறலாம். இத்தகைய பரப்பு விரிபரப்பு எனப்படும். தளத்தில் வரைந்த எந்தக் கோலமும் விரிபரப்பில் அளவு பிசகாமல் உட்காரும். எஞ்சும் சிக்கல், சுற்றி வந்த கோலம் தொடங்கிய இடத்தில் சரியாகச் சேருமா என்பது மட்டுமே. 40 மில்லிமீற்றர் விட்டமுள்ள கைப்பிடியொன்றின் சுற்றளவு ஏறத்தாழ 125.66 மில்லிமீற்றர், 3 மில்லிமீற்றர் இடைவெளியில் பிடிமானக் கோடுகள் இட்டால் அவை முழு எண்ணாக வராமல் பொருத்துக்கோட்டில் அரைகுறையாக முடியும். எண்ணிக்கையை 42 என முதலில் நிறுத்தி, இடைவெளியை அதற்கேற்ப 2.992 ஆகக் குறைப்பதே தீர்வு.

குவிமாடம் இவ்வாறு இணங்குவதில்லை. இரு திசைகளிலும் வளையும் பரப்பை நீட்டலோ கிழித்தலோ இன்றித் தளமாக்க முடியாது என்பது கவுஸ் 1827இல் வெளியிட்ட தேற்றத்தின் விளைவு. சிரட்டையின் புறத்தில் தாளை ஒட்ட முயல்பவர் அதைக் கையாலேயே அறிவார். பரப்பின் நெடுக்கையும் குறுக்கையும் இரு ஆள்கூறுகளாகக் கொண்டு தளக்கோலத்தை அதன்மேல் பாயவிடும் ரைனோ போன்ற மென்பொருள்களின் கட்டளை, இந்த முரணைத் தீர்ப்பதில்லை. உருக்களை நசுக்கி மறைக்கிறது. கோளத்தின் நடுவட்டத்தில் 48 உருக்களை வைத்து, அதே 48ஐ 60 பாகை உயரத்திலும் வைத்தால் ஒவ்வொன்றின் அகலமும் பாதியாகும். உச்சியில் அவை ஒரு புள்ளியில் நெரிந்து போகும்.

கோயிற் சிற்பிகள் இச்சிக்கலைச் சூத்திரமின்றியே எதிர்கொண்டிருக்கின்றனர். விமானச் சிகரத்தின் உச்சியில், தூபிக்குக் கீழே கவிழ்த்து வைத்தாற்போல் செதுக்கப்படும் மகாபத்மத்தின் இதழ் அடியில் அகன்று மேலே ஒடுங்குவது. சுற்றளவு குறையும் விகிதத்தை உருவே தன்னுள் கொண்டிருப்பதால் எண்ணிக்கை மாறாமலே பரப்பு நிரம்புகிறது. அழகுக்காக மட்டுமே தாமரை தேர்ந்தெடுக்கப்பட்டது என்று கொள்வது குறைமதிப்பீடு. 2008இல் நிறைவடைந்த ஆரோவில் மாத்ரிமந்திரின் பொன்வட்டுகள் வேறு வழியைக் காட்டுகின்றன: வட்டுகளின் விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டியதில்லையாதலால், வளைவால் எழும் பிசகை இடைவெளிகள் ஏற்றுக்கொள்கின்றன.

இடைவெளியை விரும்பாதவர் அறுகோணங்களை நாடுவதுண்டு. எனினும் முனைதோறும் மூன்று முகங்கள் கூடும்படி கோளத்தை அறுகோணங்களாலும் ஐங்கோணங்களாலும் மூடினால், ஐங்கோணங்கள் மிகச் சரியாக 12 இருந்தே தீரும் என ஒயிலரின் வாய்பாடு காட்டுகிறது. அவற்றை எங்கே ஒளிப்பது என்பதே வடிவமைப்பாளருக்கு எஞ்சும் சுதந்திரம். தனித்தனிப் புள்ளிகளோ குமிழ்களோ போதுமெனில், கோளத்தின் உயரத்தைச் சமபடிகளாகப் பிரித்து, படிக்கொரு புள்ளியை முந்தையதிலிருந்து ஏறத்தாழ 137.5 பாகை திருப்பி வைத்தால், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரே பரப்பளவு கிடைக்கிறது. சூரியகாந்தி விதைகளின் ஒழுங்கும் இதுவே.

உருவின் நிலை ஒருபுறமிருக்க, அது எத்திசையில் எழ வேண்டும் என்பதும் தீர்க்கப்பட வேண்டும். ஒவ்வோர் உருவையும் பரப்புக்குச் செங்குத்தாக நிறுத்துவதே வழக்கம். முப்பரிமாண அச்சுப்பொறியில் அடுக்கடுக்காக உருவாகும் பொருளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் வார்ப்பச்சிலிருந்து மேல்நோக்கிக் கழற்ற வேண்டிய அரைக்கோள மூடியில், அடிவிளிம்பை அண்டிய உருக்கள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு அச்சில் கொளுவிவிடுமாதலால், அங்கு அவற்றின் உயரத்தைப் படிப்படியாகக் குறைக்கவோ, கழற்றும் திசைக்கேற்ப அவற்றின் பக்கங்களைச் சரிக்கவோ வேண்டும்.