சவலாப்பேரி நினைவேந்தல்

தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டி வட்டாரச் சிற்றூர் சவலாப்பேரி. 2019 பிப்ரவரி 14 புல்வாமா தாக்குதலில் உயிரிழந்த 40 சிஆர்பிஎஃப் (மத்திய ரிசர்வ் காவல் படை) வீரர்களில் ஒருவரான சுப்பிரமணியன் இவ்வூரார். உடல் சொந்த மண்ணிலேயே அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது. ஆண்டுதோறும் பிப்ரவரி 14 அன்று அஞ்சலி: மாலை, மலர், தலை குனிந்த மௌனம். வீழ்ந்த வீரரை இவ்வாறு போற்றுவது தமிழருக்குப் புதிதன்று. காட்சி முதல் வாழ்த்து வரை, வீரருக்குக் கல் நடும் நடுகல் சடங்கின் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது.

பேச்சுவழக்கில் சுப்பிரமணியனை ‘ராணுவ வீரர்’ என்றாலும், அவர் பணியாற்றிய சிஆர்பிஎஃப் உள்துறை அமைச்சகப் படை. 1959 அக்டோபர் 21 அன்று லடாக்கில் சீனப்படையால் 10 காவலர்கள் வீழ்ந்ததை நினைவுகூரும் காவலர் வீரவணக்க நாள் சிஆர்பிஎஃப் வீரர்களுக்கும் உரியது. அன்று நாடெங்கும் காவலர் நினைவுத் தூண்களில் மலர்வளையம் வைக்கப்படுகிறது.