மத்ரஸாவில் இக்லீம் பாடம்

புவியியல் ஆசிரியர் வானிலை, காலநிலை என்னும் இரு சொற்களையும் பிரித்துக் காட்டியே பாடத்தைத் தொடங்குவது வழக்கம். இன்று காலை பெய்த மழை வானிலை. ஓரிடத்தின் வானிலையை 30 ஆண்டுகளேனும் பதிந்து கண்ட சராசரி காலநிலை. பின்னதைப் பழைய பாடநூல்கள் தட்பவெப்பநிலை என்றெழுதின. இன்றைய அரபு மொழி முன்னதைத் 'தக்ஸ்' என்றும் பின்னதை 'முனாக்' என்றும் வழங்குகிறது. முனாக் என்பது ஒட்டகம் மண்டியிட்டுப் படுக்கும் இடத்தைக் குறித்த பழஞ்சொல். ஆயினும் நம் மத்ரஸாக்கள் பல தலைமுறைகளாகக் கற்பித்து வந்தது இவ்விரண்டையும் அன்று. 'இக்லீம்' என்னும் சொல்லையே.

ஆங்கிலத்தின் 'கிளைமேட்' நம் இக்லீமிலிருந்து பிறந்தது என்று மேடைகளில் பெருமையோடு கூறுவோர் உளர். அது சரியன்று. இரண்டுக்கும் தாய் 'கிளீமா' என்னும் கிரேக்கச் சொல். சாய்வு என்பது அதன் பொருள். வடக்கே செல்லச் செல்ல நண்பகல் சூரியன் தாழ்ந்து தோன்றும். கோடையின் மிக நீண்ட பகல் மேலும் நீளும். அப்பகலின் நீளத்தையே அளவுகோலாகக் கொண்டு, மக்கள் வாழும் நிலப்பரப்பைக் கிழக்கு மேற்காக ஏழு பட்டைகளாகப் பகுத்தனர். முதல் இக்லீமின் நடுவில் நெடும்பகல் 13 மணி நேரம். அடுத்தடுத்த இக்லீமில் அரைமணி அரைமணியாகக் கூடி ஏழாவதில் 16 மணி நேரமாகும். தாலமியின் நூல்கள் வழியே அப்பாஸியர் காலத்தில் அரபு மொழிக்கு வந்த கணக்கு இது. மழை, காற்று, ஈரப்பதம் ஆகியவற்றுக்கு இதில் இடமில்லை.

குவாரிஸ்மைச் சேர்ந்த மஹ்மூத் அல்சக்மீனி ஹிஜ்ரி 603இல் (கி.பி. 1206) எழுதிய 'அல்முலக்கஸ்' என்னும் வானியல் சுருக்க நூலின் இரண்டாம் பகுதி இதனை விவரிக்கிறது. காழீஸாதா ரூமி 1412இல் அதற்கு உரை கண்டார். 'ஷரஹ் சக்மீனி' எனப்படும் அவ்வுரை, 18ஆம் நூற்றாண்டில் லக்னோவின் முல்லா நிஜாமுத்தீன் பெயரால் உருவான தர்ஸே நிஜாமியில் பாடநூலாயிற்று. தொழுகை நேரமும் கிப்லாத் திசையும் கணிக்கும் மாணவனுக்கு இது தக்க பாடமே. குறை சொல்ல ஏதுமில்லை. ஒரு நாட்டின் தட்பவெப்பத்தையும் இக்லீமே தீர்மானிக்கிறது என்று கொண்ட இடத்தில்தான் சிக்கல் எழுந்தது.

மக்காவும் நாகபுரியும் ஏறத்தாழ 21 பாகை வட அட்சத்தில் உள்ளவை; இரண்டாம் இக்லீமுக்கு உரியவை. நெடும்பகலும் இரண்டுக்கும் ஒன்றே. மக்காவில் ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நாகபுரியில் 1000 மில்லிமீட்டருக்கும் மேல். இக்லீம் கணக்கில் இதற்கு விடை இல்லை.

விடையின் ஒரு பகுதி சக்மீனிக்கு ஏறத்தாழ 175 ஆண்டுகள் முன்னரே அரபு மொழியில் எழுதப்பட்டிருந்தது. அல்பீரூனி 1030ஆம் ஆண்டளவில் நிறைவு செய்த 'கிதாபுல் ஹிந்த்' நூலில் இந்தியாவின் கோடை மழையை 'வர்ஷகாலம்' என்னும் இந்நாட்டுச் சொல்லாலேயே குறிக்கிறார். தங்களுக்கு வர்ஷகாலம் இல்லை என்று முல்தான் மக்கள் சொன்னதைப் பதிவு செய்கிறார். வடக்கே மலைகளை நெருங்கிய நாடுகளில் அது உண்டு என்கிறார். ஏன் என்பதற்கு அவர் தரும் விளக்கமே நம்மை வியக்க வைக்கிறது. மேகங்கள் கனமானவை, அதிகம் உயராதவை, மலைச்சரிவில் மோதும்போது செக்கில் இட்ட ஒலிவக் காய்போல் பிழியப்பட்டு நீரைப் பொழிந்துவிடும், மலையைத் தாண்டுவதில்லை. அதனால் காஷ்மீருக்கு வர்ஷகாலம் இல்லை, பனிப்பொழிவே உண்டு என்று முடிக்கிறார். மழைமறைவுப் பகுதி என்று இன்றைய பாடநூல் கற்பிப்பது இதனையே. ஈரக்காற்று மேலேறிக் குளிர்வதால் மழை பிறக்கிறது என்னும் இயற்பியல் அவரிடம் இல்லை. மலைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள வேற்றுமையை அவர் தெளிவாகவே கண்டார்.

இப்னு கல்தூன் 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் ஏழு இக்லீம்களையும் ஏற்றுக்கொண்டே ஒரு விலக்கைச் சொல்கிறார். அரபுத் தீபகற்பம் வெப்பமான இக்லீம்களில் அமைந்திருந்தும், மூன்று புறமும் கடல் சூழ்ந்திருப்பதால் அதன் காற்றில் ஈரம் கலந்து வறட்சியும் வெம்மையும் ஓரளவு தணிகின்றன என்பது அவர் கருத்து. மலை ஒருவருக்குப் புலப்பட்டது, கடல் மற்றவருக்கு. கறுப்பு நிறம் நூஹ் நபியின் மகன் ஹாம் மீதான சாபத்தால் வந்தது என்னும் கதையை மறுத்து, வெயிலே காரணம் என்றும் அவர் எழுதினார். ஆனால் அதே பக்கங்களில், மிதமற்ற இக்லீம்களின் மக்களைக் குணத்திலும் அறிவிலும் தாழ்ந்தோராக வரைந்திருக்கிறார். அவரைப் போற்றி எழுதப்படும் கட்டுரைகள் பல இதனைச் சொல்லாமல் கடந்துவிடுகின்றன. மாணவர் முன் இதனை மறைப்பது நேர்மையாகாது. தட்பவெப்பம் மனிதரின் தரத்தை நிர்ணயிக்கிறது என்ற கருத்து பிற்காலத்தில் ஐரோப்பியக் குடியேற்ற ஆதிக்கத்துக்கும் துணைபோனது.

ஒரே அட்சத்தில் உள்ள இடங்களின் வெப்பம் ஒன்றாக இராது என்பதை 1817இல் ஹும்போல்ட் சமவெப்பக் கோடுகள் வரைந்து கண்ணுக்குக் காட்டினார். அக்கோடுகள் அட்சக் கோடுகளுக்கு இணையாக ஓடாமல் வளைந்து சென்றன. அதற்குப் பின்னரும் நம் மத்ரஸா மாணவர்கள் ஏழு பட்டைகளையே மனனம் செய்தனர். நம்மவர் கண்டதே நம் பாடத்திட்டத்துக்குள் நுழையவில்லை என்பதுதான் நமக்குப் பெரிதாகப் படுகிறது. கிதாபுல் ஹிந்தும் முகத்திமாவும் தர்ஸே நிஜாமியின் நூல்கள் அல்ல. கிதாபுல் ஹிந்தின் அரபு மூலத்தை 1887இல் லண்டனில் அச்சேற்றியவர் ஸகாவ் என்னும் ஜெர்மானிய அறிஞர்.

கடலோடிகளின் கல்வி வேறு வழியில் சென்றது. 'மவ்ஸிம்' என்னும் அரபுச் சொல் பருவத்தைக் குறிப்பது. போர்த்துகீசியர் வாயிலாக ஐரோப்பா சென்று 'மான்சூன்' ஆயிற்று. இப்பெருமை நமக்கு உண்மையாகவே உரியது. 1490ஆம் ஆண்டளவில் இப்னு மாஜித் எழுதிய 'கிதாபுல் ஃபவாஇத்', எந்தத் துறைமுகத்திலிருந்து எந்நாளில் பாய் விரிக்க வேண்டும் என்பதை நவ்ரோஸ் முதல் எண்ணப்படும் நாள்களால் கூறுகிறது. சந்திரக் கணக்கான ஹிஜ்ரி மாதங்கள் பருவங்களோடு நிற்பதில்லை. காற்று சூரியனைப் பின்பற்றுவது. ஆகவே மாலுமிகள் சூரியக் கணக்கைக் கைக்கொண்டனர்.

பீரூனியின் அப்பத்தியை மேற்குத் தொடர்ச்சி மலைப் படத்தின் அருகே வைத்து வகுப்பில் வாசிக்கலாம் என்பது நம் எண்ணம். கேரளத்தின் ஆண்டு மழை சுமார் 3000 மில்லிமீட்டர்; மலைக்கு இப்புறமுள்ள கோயம்புத்தூரில் அதில் கால் பங்கும் பெய்வதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று மட்டும் தாராளமாக வருகிறது.