களையாய்ப் போன கீரை

சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி வரும். பசியால் வாடிய பாணனின் மனைவி, குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதே என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். அவள் வெட்கப்பட்ட அதே வேளையைக் கென்யாவில் இன்று பயிரிட்டுச் சந்தையில் விற்கிறார்கள்! இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் அதில் ஏராளம்.

நம் பக்கம் களையெடுக்கப் போன பெண்கள் கூலியோடு மடி நிறையக் கீரையும் கொண்டுவருவார்கள். புன்செய்யில் குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, மூக்கிரட்டை, வரப்பில் பொன்னாங்கண்ணி, நெல்வயல் ஈரத்தில் ஆரைக்கீரை. நிலக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். அவருக்கு அது களைதானே. நாலைந்தைச் சேர்த்துக் கடைந்தால் கலவைக்கீரை. பருப்புக்கீரை கிடைத்தால் இன்னும் விசேஷம். மீனில் இருப்பதாகச் சொல்லும் ஒமேகா-3 வகைக் கொழுப்பு அதிலும் உண்டு.

பிறகு களைக்கொல்லி வந்தது. 1940-களில் உருவான 2,4-டி, நெல்லையும் புல்லையும் விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும். அகன்ற இலை என்றால் வேறென்ன, நம் கீரைகள்தான். களையெடுக்க ஆள் கிடைக்காத விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மருந்தின் செலவையும் மிச்சமான கூலியையும் கணக்குப் பார்த்தவர்கள், களையெடுத்தவள் வீட்டுக் கீரைச்சட்டியைக் கணக்கில் சேர்க்கவில்லை. தப்பி முளைத்ததைப் பறிக்கவும் இப்போது பயம். பொன்னாங்கண்ணியை அவள் பேத்தி கடையில் கட்டாக விலைக்கு வாங்குகிறாள்.