கிருமியை எழுத்தெழுத்தாகப் படித்த கூடம்

கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறினால் பங்சார், அப்துல்லா ஹுக்கும், கெரிஞ்சி தாண்டி யுனிவர்சிட்டி நிலையம். பிரிக்பீல்ட்ஸ்வாசிகளுக்கு மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை அவ்வளவு பக்கம். பிள்ளைப்பேறு முதல் இருதய சிகிச்சை வரை அங்கே போகாத குடும்பம் நம்மில் குறைவு. அதே வளாகத்தில் வைரஸ்களின் மரபெழுத்தைப் படித்து உலகுக்குச் சொன்னவர்களின் கதை நம் வீடுகளில் அதிகம் பேசப்படுவதில்லை. இந்த மலரில் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நோயாராய்ச்சிக்கு நீண்ட மரபு உண்டு. 1901இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்து மலேரியாவை அடக்கினார். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகம் அதற்கு ஓராண்டு மூத்தது. 1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலம் கோலாலம்பூரில் உருவானபோது அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றவர் டாக்டர் டி. ஜே. தனராஜ். அங்குள்ள மருத்துவ நூலகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்தப் புலத்தின் பெயரை உலகெங்கும் கொண்டுபோனது 1999. பன்றிப் பண்ணைகளில் பரவிய மூளைக்காய்ச்சலை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே பலரும் நம்பியிருந்த வேளையில், டாக்டர் சுவா காவ் பிங் நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து அதுவரை அறியப்படாத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். அதுதான் நிப்பா. 265 பேரைத் தாக்கி 105 உயிர்களைப் பறித்த நோய் அது. பண்ணைகளில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களும் அதற்குப் பலியானார்கள்.

நிப்பாவைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. நான் விரிவாகச் சொல்ல விரும்புவது எச்ஐவி ஆராய்ச்சியை. மலேசியாவில் முதல் எச்ஐவி தொற்று 1986இல் பதிவானது. 2002இல் மட்டும் 6,978 புதிய தொற்றுகள். பெரும்பாலானவை போதை ஊசியால் வந்தவை. 1997இல் இம்மருத்துவமனையில் தொற்றுநோய்ப் பிரிவைத் தொடங்கிய பேராசிரியர் அடீபா கமருல்ஸமான் ஒருபுறம் நோயாளிகளைக் கவனித்தார், மறுபுறம் ஆய்வுக்கூடத்துக்குத் தோள் கொடுத்தார். ஊசி மாற்றுத் திட்டத்துக்காகவும் மெத்தடோன் சிகிச்சைக்காகவும் அரசிடம் விடாமல் வாதாடியவர்களில் அவர் முக்கியமானவர்.

எச்ஐவியிடம் இருப்பது ஏறத்தாழ 9,700 மரபெழுத்துகள்தான். மனிதனிடம் 300 கோடி. அவ்வளவு சிறிய கிருமி தன் மரபைப் படியெடுக்க நம் உயிரணுவையே நம்பியிருக்கிறது. நம் டிஎன்ஏவுக்குள் தன்னைச் செருகிக்கொண்டபின், நம்முடைய ஆர்என்ஏ பாலிமரேஸ்தான் அதற்கும் படியெடுக்கிறது. உயிரணு வேறொரு தொற்றை எதிர்க்க விழித்தெழும்போது செயல்படத் தொடங்கும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் வைரஸின் தொடக்கப் பகுதியில் வந்து அமர்ந்து அந்த வேலையைத் தூண்டிவிடும். ஆனால் சுமார் 60 எழுத்துகள் தாண்டியதும், முதல் கியரிலேயே உறுமி நிற்கும் லாரியைப்போல, பாலிமரேஸ் நகராமல் நின்றுவிடுகிறது.

அங்கேதான் வைரஸின் டாட் என்ற சிறு புரதம் வேலையைக் காட்டுகிறது. படியெடுத்த ஆர்என்ஏவின் நுனி மடிந்து கொண்டையூசி வடிவில் நிற்கும். அதற்கு டார் என்று பெயர். டாட் அதைப் பற்றிக்கொண்டு, நம் உயிரணுவின் சைக்ளின் டி1, சிடிகே9 என்ற இரு புரதங்களையும் அங்கே இழுத்து வருகிறது. சிடிகே9 பாலிமரேஸுக்குப் பாஸ்பேட் ஏற்றுகிறது. தடை நீங்கிப் படியெடுப்பு வேகமெடுக்கிறது. அதில் மேலும் டாட் உருவாகி மேலும் வேகம் கூட்டுகிறது. 1998இல் அமெரிக்காவின் கேத்ரின் ஜோன்ஸ் குழு சைக்ளின் டி1-ஐக் கண்டறிந்தது. எலியின் சைக்ளின் டி1-இல் 261ஆம் இடத்திலுள்ள ஒரே ஓர் அமினோ அமிலம் மனிதனிடமிருந்து வேறுபடுகிறது. அதனாலேயே எலியின் உயிரணுவில் டாட் சரிவர வேலை செய்வதில்லை. ஒரே ஓர் அமினோ அமிலத்தில் இவ்வளவு அடங்கியிருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கோலாலம்பூரின் பங்கு இங்கே வருகிறது. இந்நகரில் பி வகை எச்ஐவியும் 01_ஏஇ வகையும் பரவியிருந்தன. பி வகையின் தொடக்கப் பகுதியில் என்எஃப்-கப்பா-பி அமர இரண்டு இடங்கள். 01_ஏஇயில் ஒன்றுதான், மற்றதில் ஜிஏபிபி என்ற வேறொரு மனிதப் புரதம் அமரும். ஒருவருக்கே இருவகையும் தொற்றினால் அவை கலந்து புதிது பிறக்கும். அப்படிப் பிறந்து கோலாலம்பூரில் பரவலாகச் சுற்றிய ஒன்றை 2006இல் ஆய்வாளர் டீ கோக் கெங், அடீபா முதலியோர் ஜப்பானின் யுத்தாகா தாக்கெபேயுடன் சேர்ந்து அடையாளம் கண்டனர். சிஆர்எஃப்33_01பி என்பது அதன் பெயர். பின்னர் 48, 54, 58 எண்களைக் கொண்ட கலப்பு வகைகளும் மலேசியாவில் கண்டறியப்பட்டன. என் பார்வையில் இது நிப்பாவுக்குக் குறையாத சாதனை. எந்தக் கூட்டத்திலிருந்து எந்தக் கூட்டத்துக்குக் கிருமி தாவியது என்பதை மரபெழுத்தே காட்டிக்கொடுத்தது.

படியெடுப்பைப் பற்றிய அறிவு நோயாளிக்கும் தேவை. இன்றைய மாத்திரைகளில் பெரும்பாலானவை வைரஸின் நொதிகளையே தடுக்கின்றன, இந்தப் படியெடுப்பை அல்ல. டாட் கிடைக்காமல் படியெடுப்பு அடங்கிய உயிரணுக்களில் வைரஸ் சத்தமின்றி உறங்கும். மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் விழிக்கும். 2013இல் கோலாலம்பூரில் நடந்த உலக எச்ஐவி மாநாட்டில், எலும்பு மஜ்ஜை மாற்றிய இரண்டு பாஸ்டன் நோயாளிகள் மருந்தின்றி இருப்பதாக அறிவிக்கப்பட்டபோது பலர் மகிழ்ந்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் இருவரிடமும் வைரஸ் திரும்பியது தெரிந்தது.

தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதைத் தடுத்த நாடாக 2018இல் மலேசியா உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் பெற்றது. சோதனை செய்துகொள்ளாத பெரியவர்களின் கதை இன்னும் முடியவில்லை. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள நம் இளைஞர்களுக்குச் சொல்லுங்கள்: அரசு சுகாதார நிலையத்தில் எச்ஐவி சோதனை செய்துகொள்ளலாம், தயங்க வேண்டாம். ஆறாம் படிவத்தில் உயிரியல் படிக்கும் உங்கள் பிள்ளையை ஒருமுறை இந்த மருத்துவ வளாகத்துக்கு அழைத்துப்போய், தனராஜ் பெயர் தாங்கிய அந்த நூலகத்தையும் காட்டுங்கள்.