கம்பி எட்டாத ஊரில் மின்சாரம்



மின்சாரத்தின் வரலாற்றைக் கூற வருவோர் பெரும்பாலும் அணைகளையும் ஆலைகளையும் வானளாவிய கோபுரங்களையும் பற்றியே பேசுவர். நம் மாநிலத்தில் 1932இல் பைக்காராவும், 1937இல் மேட்டூரும், 1944இல் பாபநாசமும் மின்சாரம் தரத் தொடங்கிய வரலாறு பெருமைக்குரியதே. ஆனால் இன்று நான் கூற விழைவது வேறொரு வரலாறு. கம்பி எட்டாத இடங்களில் மனிதன் மின்சாரத்தைக் கலத்தில் அடைத்து, அளந்து செலவிட்டு வாழ்ந்த வரலாறு அது. அந்தப் பாடத்தை நான் கல்லூரியிற் கற்கவில்லை. சாத்தூருக்கு அருகிலுள்ள அச்சங்குளத்தில், பன்னிரண்டு வயதில், ஒரு பெரும் பிழை செய்து கற்றேன்.

அந்நாளில் எங்கள் தெருவுக்கு மின்கம்பி வரவில்லை. ஆயினும் பொதுத் திண்ணையில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. ஆறு வோல்ட் சேமக்கலம் ஒன்றினால் அது இயங்கியது. ஊரார் அதனைப் ‘பாட்டரி’ என்பர். பெட்டியைக் காத்துவந்தவர் என் பெரியப்பா. தந்தி அலுவலகத்திற் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நாள்தோறும் செய்திக்கும் உழவர் நிகழ்ச்சிக்குமாக இரண்டு மணி நேரமே பெட்டி பேசும். பிறகு அதனைப் பூட்டிவிடுவார். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. விருதுநகர் வணிகர் பேரேடு எழுதுவதுபோல் அவர் மின்சாரத்துக்குக் கணக்கு எழுதினார். பத்து நாட்களுக்கு ஒருமுறை சேமக்கலத்தை மிதிவண்டியிற் கட்டிச் சாத்தூருக்கு எடுத்துச் சென்று மின்னேற்றி வருவார்.

1964ஆம் ஆண்டு மே மாதம். பள்ளி விடுமுறை. பெட்டியின் சாவி எந்த மாடத்தில் இருக்கிறது என்பதைச் சிறுவர்களாகிய நாங்கள் கண்டுகொண்டோம். பெரியவர்கள் இல்லாத வேளை பார்த்து, நாள்தோறும் இரண்டு மணி நேரம் இலங்கை வானொலியில் பாட்டுக் கேட்டோம். ஒன்பது நாட்கள் இவ்வாறு கழிந்தன. மே 27ஆம் நாள் காலையில் பாடிக்கொண்டிருந்த குரல் தேய்ந்து தேய்ந்து நின்றுவிட்டது. நாங்கள் பெட்டியைப் பூட்டிச் சாவியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் இருந்துவிட்டோம்.

அன்று பிற்பகலில்தான் பண்டித நேரு மறைந்தார் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. சாத்தூரிலிருந்து வந்த ஒருவர் மாலையில் எங்கள் ஊருக்கு அதனைக் கொணர்ந்தார். ‘மெய்தானா?’ என்று ஒருவரை ஒருவர் கேட்டவாறு ஊரே திண்ணையின்முன் திரண்டது. பெரியப்பா பெட்டியைத் திறந்து திருகினார். ஒலி இல்லை. முதியவர்களும் பெண்களும் அந்த ஊமைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றனர். அந்த மௌனத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

பெரியப்பா எங்களை அடிக்கவில்லை. மறுநாள் நோட்டுப் புத்தகத்துடன் எங்களை உட்காரவைத்தார். “தம்பி, இந்தக் கலத்தின் கொள்ளளவு அறுபது ஆம்பியர்-மணி. பெட்டி குடிப்பது ஒன்றரை ஆம்பியர். அப்படியானால் எத்தனை மணி நேரம் பேசும்?” என்று கேட்டார். “நாற்பது மணி, பெரியப்பா” என்றேன். “கணக்கு சரி, ஆனால் வாழ்க்கை அப்படி இல்லை. பாதிக்குமேல் எடுத்தால் கலம் கெடும். ஆகவே நமக்கு உரியது இருபது மணியே. நாளுக்கு இரண்டாக, அது பத்து நாள் வரும். நீங்கள் நாளுக்கு நான்காக்கினீர்கள். ஐந்தாம் நாளே எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். அதற்குப்பின் எடுத்ததெல்லாம் கலத்தின் ஆயுளிலிருந்து எடுத்தது” என்றார்.

பாதிக்குமேல் எடுத்தால் ஏன் கெடும்? அதனை விளங்கிக்கொள்ளக் கலத்தின் உள்ளே பார்க்க வேண்டும். 1800ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா, இருவேறு உலோகத் தகடுகளையும் உப்புநீரில் நனைத்த அட்டைகளையும் அடுக்கி முதல் மின்கலத்தை அமைத்தார். அவ்வகைக் கலம் தீர்ந்தால் தீர்ந்ததே. தீர்ந்த பின்னும் மீண்டும் நிரப்பத்தக்க கலத்தை 1859இல் பிரெஞ்சு அறிஞர் பிளான்ட்டே ஆக்கினார். கந்தகாமிலக் கரைசலில் ஒரு காரீயத் தகடும் ஒரு காரீய டையாக்சைடுத் தகடும் நிற்கும். மின்சாரம் தரும்போது இரண்டின்மேலும் காரீய சல்பேட்டு என்னும் உப்புப் படிகிறது. மின்னேற்றும்போது அவ்வுப்பு மீண்டும் பழைய பொருளாகிறது. உடனே ஏற்றினால் உப்பு எளிதில் மாறும். வெறுமையாகவே நாட்கணக்கில் விட்டுவிட்டால் அது கடும் படிகமாக இறுகிவிடும். பின்பு எவ்வளவு ஏற்றினும் அப்பகுதி உயிர்பெறாது. எங்கள் கலமும் அதன்பின் பழைய வலிமையை அடையவேயில்லை.

பெரியப்பா கலத்தின் நிலையை ஊகித்துச் சொல்பவர் அல்லர். அமிலத்தின் அடர்த்தியைக் கண்ணாடிக் குழாயில் மிதக்கும் மானியால் அளப்பார். நீரின் அடர்த்தி ஒன்று எனின், நிறைந்த கலத்தின் அமிலம் ஏறத்தாழ 1.25 காட்டும். 1.15க்கு இறங்கினால் கலம் வெறுமை. குறையும் நீருக்கு ஈடாகக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுவார். கிணற்று நீரின் உப்பு தகட்டைக் கெடுக்கும் என்பார்.

இவ்வளவு கண்டிப்பை அவர் எங்கே கற்றார்? தந்தித் துறையில். மாணவர்களே, இது வியப்பான செய்தி. நம் நாட்டில் மின்னிலையங்கள் தோன்றுமுன்பே மின்சாரம் பணிசெய்யத் தொடங்கிவிட்டது. ஓஷாக்னெஸ்ஸி என்ற மருத்துவரின் முயற்சியால் 1851இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் துறைமுகத்துக்கும் இடையே தந்தி இயங்கியது. 1855இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. டார்ஜிலிங்கில் நீர்மின் நிலையம் எழுந்ததோ 1897இல்தான். இடைப்பட்ட நாற்பதாண்டுகளும் தந்திக்கு உயிர் தந்தவை மின்கலங்களே. செய்தி இல்லாத வேளையில் மின்னோட்டத்தை வீணாக்காதிருப்பது தந்திக்காரரின் முதல் ஒழுக்கம். அந்தத் தந்திச் சேவை 2013 சூலையில் முடிவுற்றது. அந்த ஒழுக்கம் முடிவுறவில்லை.

அடுத்த படியை அவர் எனக்குச் சாத்தூர் இரயில் நிலையத்திற் காட்டினார். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876இல் திறக்கப்பட்ட பாதை அது. ஓடும் வண்டிக்குக் கம்பி ஏது? பெட்டியின் அடியில் அச்சினால் சுழலும் டைனமோ ஒன்று உண்டு. வண்டி ஓடும்போது டைனமோ விளக்கை எரித்துக் கலத்தையும் நிரப்பும். வண்டி நிற்கும்போது கலம் விளக்கை எரிக்கும். இங்கிலாந்தின் ஸ்டோன் நிறுவனத்தார் 1890களில் கொண்டுவந்த முறை இது. ஓடும்போது சேமிப்பு, நிற்கும்போது செலவு. இன்று மேல்நாடுகளில் குடும்பத்தோடு சக்கர வீட்டில் ஏறிச்சென்று, மின்னிணைப்பில்லாத காட்டோரத்திலும் கடலோரத்திலும் பாசறை அமைத்துத் தங்குவோர் பலர். கேரள அரசும் 2021இல் அத்தகைய உலாவுக்கெனத் திட்டம் அறிவித்தது. அவ்வீடுகளின் மின்சார ஏற்பாட்டுக்கு மூதாதை, நம் பழைய இரயில் பெட்டியின் அடியில் தொங்கிய டைனமோவும் கலமுமே.

இனி, வரலாறு காட்டும் ஓர் உண்மையைக் கவனியுங்கள். கம்பி எட்டாத இடத்தில் வாழ்வோருக்கு விடிவு வந்தது பெருங்கலத்தால் மட்டும் அன்று. சிறு செலவாலும் வந்தது. எங்கள் பெட்டியின் வால்வுகள் பேசுமுன் சூடேற வேண்டும். உண்ட மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போயிற்று. 1947 திசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1954இல் டிரான்சிஸ்டர் வானொலி கடைக்கு வந்தது. சூடேற்ற வேண்டாத அச்சிறு பொருளால், மிதிவண்டியில் ஏற்றிய கலத்தின் வேலையை உள்ளங்கைக் கலம் செய்தது. விளக்கிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அறுபது வாட் இழைவிளக்குத் தந்த ஒளியை இன்று ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்குத் தருகிறது. செலவைக் குறைத்தலும் ஒரு வரவே.

உண்மையான வரவுக்கும் ஒரு வழி அதே 1954இல் திறந்தது. பெல் ஆய்வகத்தாரே சிலிக்கன் சூரியக்கலத்தை உலகுக்குக் காட்டினர். 1958 மார்ச்சில் அமெரிக்கர் விண்ணில் ஏவிய வான்கார்ட்டு என்ற சிறு கோளில் இரண்டு ஒலிபரப்பிகள் இருந்தன. சேமித்த மின்கலத்தை மட்டும் நம்பிய ஒன்று அவ்வாண்டு சூனிலேயே ஓய்ந்தது. கதிரவனை நம்பிய மற்றொன்று ஆறாண்டுகள் பேசியது. அதன் கடைசிக் குரல் கேட்டது எப்போது தெரியுமா? 1964 மே மாதத்தில். எங்கள் பெட்டி ஊமையான அதே மாதம்! அந்தப் பொருத்தத்தைப் பின்னாளிற் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, நாணமும் வந்தது.

இத்துறையில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் ஈந்ததால், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரியில் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்துவைத்தார். மின்கல ஆராய்ச்சி அதன் முதன்மையான பணிகளுள் ஒன்று. 1991இல் கடைக்கு வந்த லித்தியம்-அயனிக் கலத்தை ஆக்க வழிகண்ட மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. இக்கலம் காரீயக் கலத்தினும் எடை குறைந்தது. பாதிக்குமேல் எடுத்தாலும் தாங்குவது. ஆயினும் அளவின்றி ஏற்றுவதையும், அடியோடு வடிப்பதையும், கடும் வெயிலில் வைப்பதையும் அதுவும் பொறுக்காது. கலம் மாறியது. கணக்கு மாறவில்லை.

சில ஆண்டுகளுக்குமுன் மாணவர் சிலருடன் கண்மாய்க் கரையில் மூன்றிரவு தங்கினேன். எங்களிடம் நூறு வாட் சூரியத் தகடு ஒன்றும், பன்னிரண்டு வோல்ட், நூறு ஆம்பியர்-மணிக் காரீயக் கலம் ஒன்றும் இருந்தன. “ஐயா, இவ்வளவு இருக்கக் கவலை என்ன?” என்றான் ஒரு மாணவன். தாளை அவனிடம் கொடுத்தேன். நல்ல வெயில் ஐந்து மணி எனின் வரவு ஐந்நூறு வாட்-மணி. வெப்பத்தாலும் கம்பியாலும் மின்னேற்றத்தாலும் இழப்புப்போகக் கைக்கு வருவது முந்நூற்றைம்பது. செலவோ, ஐந்து வாட் விளக்கு நான்கு ஐந்து மணிக்கு நூறு. இருபத்தைந்து வாட் விசிறி எட்டு மணிக்கு இருநூறு. நான்கு கைபேசிகளுக்கு அறுபது. ஆக முந்நூற்றறுபது. பற்றாக்குறை பத்து. கலத்தில் அறுநூறு வாட்-மணி கையிருப்பு உண்டுதான். ஆனால் அது மேகம் மூடும் நாளுக்கும், நள்ளிரவில் ஒருவரைப் பாம்பு தீண்டினால் ஏற்றும் விளக்குக்கும் உரியது. மாணவனே விசிறியை அரைமணி முன்னதாக நிறுத்த முடிவுசெய்தான். மூன்றாம் நாள் வானம் மூடியபோது எங்கள் விளக்கு எரிந்தது.

பெரியப்பாவின் மற்றொரு விதியையும் கூறவேண்டும். சிவகாசியில் 1923இல் தோன்றிய தீப்பெட்டித் தொழில் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கும் பரவியிருந்தது. எங்கள் தெருவிலும் பெட்டி ஒட்டும் குடும்பங்கள் இருந்தன. கலம் மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயு எழும். ஒரு பொறி பட்டால் வெடிக்கும். கலத்தின் இருமுனைகளையும் ஓர் இரும்புத் துண்டு தொட்டால் அப்பொறியும் பிறக்கும். ஆதலால் அவர் கலத்தைக் காற்றோட்டமான திண்ணையிலேயே வைத்தார். தீக்குச்சியோ விளக்கோ அருகில் வர விடார். மின்கலமும் ஒரு மருந்துப் பொதியே என்பது அவர் எண்ணம்.

நேயர்களே, 2021 பிப்ரவரி 12ஆம் நாள் பட்டாசு ஆலை ஒன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோதுதான் அச்சங்குளம் என்ற பெயரை நாட்டில் பலர் முதன்முதலாகக் கேட்டனர். அத்துயரின் காரணங்களை ஆராய்வது இவ்வுரையின் வேலையன்று. ஆனால் அவ்வூரிற் பிறந்த எனக்கு, ‘அளவு’ என்ற சொல் வெறும் கணக்குச் சொல்லன்று. ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்று விதி வகுக்கும் அளவும், ஒரு கலத்திலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று அறிவியல் வகுக்கும் அளவும் ஓரினத்தவை. மீறும்போது ஒன்றும் நிகழவில்லையே என்று முதல் நாள் தோன்றும். ஐந்தாம் நாளும் தோன்றும். கணக்குத் தீர்க்கப்படும் நாள் வேறு.

அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தின் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. பகலில் அங்கே மின்சாரம் பெருகுகிறது. இரவில் கதிரவன் இல்லை. பகல் வரவை இரவுச் செலவுக்கு எப்படிச் சேமிப்பது என்று இன்று நாடுகளே கணக்குப் போடுகின்றன. திண்ணையில் பெரியப்பா எழுதிய அதே இருபக்கக் கணக்குத்தான் அது.

அந்த நோட்டுப் புத்தகம் என்னிடம் உள்ளது. 1964 மே 27க்கு நேரே செலவுப் பக்கத்தில் அவர் ஒன்றும் எழுதவில்லை. அவ்விடம் வெறுமையாகவே இருக்கிறது.