சர்வர் அறைக்கு ஏன் இவ்வளவு குளிர்?

எங்கள் கல்லூரி கம்ப்யூட்டர் லேபுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி அறை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போனால் பல் தந்தியடிக்கும். "ஏன் சார் இவ்வளவு குளிர்?" என்று கேட்டால், "சர்வர் இருக்குல்லப்பா" என்பதோடு பதில் முடிந்துவிடும். சரி, எத்தனை டிகிரி இருந்தால் போதும், அதை யார் முடிவு செய்தார்கள் என்று தேடப்போனேன்.

கதை எனியாக்கில் தொடங்குகிறது. 1946-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உலகுக்குக் காட்டப்பட்ட கம்ப்யூட்டர். சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் (பழைய வால்வு ரேடியோவில் இருக்குமே, அதேதான்), 150 கிலோவாட் மின்சாரம். உள்ளே போகும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். அதனால் பெரிய விசிறிகள் வைத்தார்கள். சூடு சுமார் 46 டிகிரியைத் தாண்டினால் மின்சாரத்தைத் துண்டிக்க தெர்மோஸ்டாட்டும் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், குழாய்கள் அதிகம் பழுதானது ஓடிக்கொண்டிருக்கும்போது அல்ல, அணைத்துப் போடும்போது. ஆறி ஆறிச் சூடாவதுதான் அவற்றுக்கு ஆகவில்லை. ஆகவே முடிந்தவரை அணைக்காமலே ஓட்டினார்கள்.

அடுத்து மெயின்பிரேம் காலம். அந்த அறைகளில் எந்திரத்தோடு துளை அட்டைகளும் காந்த நாடாக்களும் இருந்தன. காகித அட்டை ஈரக் காற்றில் உப்பும், எந்திரத்தில் சிக்கும். ஆக, ஏசி போட்டது எந்திரத்துக்காக மட்டுமல்ல, காகிதத்துக்காகவும்தான். பின்னால் அட்டை போய்விட்டது, குளிர் மட்டும் போகவில்லை!

அதற்குத் துணையாக ஒரு பயமும் இருந்தது. ஸ்வீடன் வேதியியலாளர் அரீனியஸ் 1889-ல் தந்த சமன்பாட்டிலிருந்து பொறியாளர்கள் ஒரு வாய்ப்பாடு செய்துகொண்டார்கள்: 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி. கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் காய்வது போன்றவற்றுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் முழு சர்வருக்கும் அதையே மாட்டிவிட்டார்கள் என்பதுதான் என் குறை.

2004-ல் அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரே, சர்வர் தயாரிப்பாளர்களைக் கூட்டிவைத்து ஒரு பொது அளவு வெளியிட்டது: 20 முதல் 25 டிகிரி. இது அறையின் சூடு அல்ல, சர்வர் மூக்கு வழியாக இழுக்கும் காற்றின் சூடு. இதைக் கவனிக்காமல் அறை முழுவதையும் ஐஸ்பெட்டி ஆக்குபவர்கள்தான் அதிகம்.

அதற்கப்புறம் சிலருக்குச் சந்தேகம் வந்தது. 2007-ல் கூகுள் ஆய்வாளர்கள் தங்களிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளின் கணக்கைப் பார்த்தார்கள். மிகவும் சூடான, வயதான டிஸ்க்குகளை விட்டால், சூட்டுக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த உறவு இல்லை. குளிரான டிஸ்க்குகள்தான் கூடுதலாகச் செத்திருந்தன. மைக்ரோசாப்டில் இருவர் இன்னும் ஒரு படி மேலே போய், 5 சர்வர்களை ஒரு கூடாரத்தில் போட்டு ஏசி இல்லாமல் 2007 நவம்பர் முதல் 2008 ஜூன் வரை ஓட்டினார்கள். தண்ணீர் சொட்டியது, ஒரு இலைகூட வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு சர்வரும் சாகவில்லை. (நவம்பர் முதல் ஜூன் என்றால் பாதி குளிர்காலம். நம் ஊர் மே மாதத்தில் செய்திருந்தால் பார்த்திருக்கலாம்!) அதே சமயம் இன்டெல் நியூ மெக்சிகோவின் புழுதிக் காற்றை அப்படியே உள்ளே விட்டது. காற்று 32 டிகிரி வரை போனது. பழுது 4.46 சதவீதம். அதே வளாகத்தின் வழக்கமான மையத்தில் 3.83. கூடுதல்தான், ஆனால் மிச்சமாகும் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் சின்ன விலை.

2008-ல் ஆஷ்ரே தன் அளவை 18 முதல் 27 வரை விரித்தது. 2011-ல் 45 டிகிரி வரை தாங்கும் சர்வர்களுக்கும் ஒரு வகுப்பு ஒதுக்கியது.

அப்போ ஏசியை அணைத்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். 2022 ஜூலை 19 அன்று பிரிட்டனில் முதல்முறையாக வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. லண்டனில் கூகுள், ஆரக்கிள் மையங்களில் குளிரூட்டல் திணறியது. கைஸ், செயின்ட் தாமஸ் மருத்துவமனைகளின் இரண்டு கணினி மையங்களும் விழுந்தன. டாக்டர்கள் நோயாளியின் பழைய விவரங்களைத் திரையில் பார்க்க முடியாமல் காகிதத்துக்குத் திரும்பினார்கள். அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. எல்லாம் சரியாக வாரக்கணக்கில் ஆனது.

அங்கே சர்வர் 27-ல் ஓடியதா 22-ல் ஓடியதா என்பதல்ல பிரச்சினை. குளிரூட்டல் நின்றதுதான். நெருக்கமாக அடுக்கிய அறையில் அது நின்றால், 18-ல் தொடங்கியவருக்கும் 26-ல் தொடங்கியவருக்கும் உள்ள வித்தியாசம் சில நிமிடங்களே. வருடம் முழுக்க மின்சாரம் கொட்டி நாம் வாங்குவது அந்தச் சில நிமிடங்களைத்தான். சிங்கப்பூர் 2023 ஜூனில் கணக்குப் போட்டு, வெப்பமண்டல மையங்கள் 26 டிகிரிக்கு மேலேயே ஓடலாம் என்று தரநிலை வெளியிட்டது. ஒரு டிகிரி ஏற்றினால் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 சதவீதம் மிச்சமாம்.

எங்கள் கண்ணாடி அறையில் நேற்று எட்டிப் பார்த்தேன். 18.