'எவரும் வரலாம்': திறந்த வீட்டு விளம்பரங்களின் கதை

வட அமெரிக்க நகரங்களின் புறநகர்ப் பகுதிகளில் வாழும் நம்மவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. வீதி முனையில் அம்புக்குறியிட்ட சிறிய பலகை. அது காட்டும் திசையில் சென்றால் இன்னொரு பலகை. இறுதியில், பலூன்கள் கட்டப்பட்ட ஒரு வீட்டின் முன்றல். கதவு திறந்திருக்கும். இரண்டு மணி முதல் நான்கு மணி வரை எவரும் உள்ளே சென்று அறைகளையும் குசினியையும் நிலவறையையும் பார்வையிடலாம். 'ஓப்பன் ஹவுஸ்' எனப்படும் இந்தத் திறந்த வீட்டு முறை ரொறன்ரோவின் இலவசத் தமிழ் வாரப் பத்திரிகைகளின் பக்கங்களிலும் இடம்பிடித்துக்கொண்டது. கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து புன்னகைக்கும் தமிழ் வீட்டு முகவர்களின் படங்களை அப்பத்திரிகைகளில் காணாதவர் இலர்.

இம்முறையின் சூட்சுமம் தொழிலில் உள்ளவர்கள் அறிந்ததே. திறந்த வீட்டைப் பார்க்க வருபவர்களில் அதே வீட்டை வாங்குபவர் மிகச் சிலர். அயலவர்கள் வருவார்கள், தங்கள் வீடு என்ன விலை போகும் என்று கணக்குப் பார்ப்பார்கள். வாசலில் வைக்கப்பட்டுள்ள புத்தகத்தில் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிச் செல்வார்கள். முகவருக்கு வேண்டியது அந்தப் புத்தகமே. வீட்டை விற்பதிலும் பார்க்கத் தம்மையே விற்பதற்கு அவருக்குக் கிடைக்கும் இரண்டு மணித்தியாலம் அது.

ஆயினும் இந்த விளம்பரங்களின் வரலாற்றைத் தேடிச் சென்றால், 'எவரும் வரலாம்' என்பதில் உள்ள 'எவரும்' என்ற சொல் நீண்ட காலம் எவ்வளவு சிறிதாக இருந்தது என்பது புலனாகும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கப் பத்திரிகைகளில் 'பார்வைக்குத் திறந்திருக்கும்' என்ற வாசகத்துடன் வீட்டு விளம்பரங்கள் வெளிவந்தன. வீட்டுத் தரகர்களின் தேசிய சங்கம் 1908ஆம் ஆண்டு சிகாகோவில் அமைக்கப்பட்டது. 1916இல் தன் உறுப்பினர்களுக்கெனத் தனியான ஒரு பெயரையும் அது ஏற்றுக்கொண்டது. 'றியல்ரர்' என்று இன்று வழங்குவது அப்பெயரே. 1922இல் 'சிறந்த இல்லங்கள்' என்ற இயக்கம் தோன்றி, ஊர்தோறும் மாதிரி வீடுகளை அலங்கரித்துப் பொதுமக்களை அழைத்துக் காட்டியது. பிற்காலத்தில் ஜனாதிபதியான ஹேர்பேட் ஹூவர் அதன் பெரும் ஆதரவாளர். பிறர் வீட்டுக்குள் நுழைந்து பார்ப்பது மரியாதைக் குறைவன்று என்ற பழக்கத்தை வளர்த்ததில் அந்த மாதிரி வீடுகளுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும்.

அதே காலத்தில், 1924இல், தரகர் சங்கத்தின் ஒழுக்கக் கோவையில் ஒரு விதி இடம்பெற்றது. அயலின் சொத்து மதிப்பைக் குறைக்கக்கூடிய இனத்தவரையோ தேசத்தவரையோ அந்த அயலுக்குள் கொண்டுவருவதற்கு எந்தத் தரகரும் கருவியாக இருத்தல் ஆகாது என்பது அதன் சாரம். ஒழுக்கம் என்ற தலைப்பின் கீழ் எழுதப்பட்ட விதி இது! இனம் பற்றிய குறிப்பு அதிலிருந்து நீக்கப்பட்டது 1950ஆம் ஆண்டிலேயே.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் லெவிட் நிறுவனம் எழுப்பிய லெவிட்டவுண், மாதிரி வீட்டு விளம்பரத்தின் உச்சம் எனலாம். 1949 மார்ச் மாதத்தில் 7,990 டொலர் விலையில் வீடுகள் விற்பனைக்கு வந்தபோது, போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் குளிரில் நாட்கணக்காக வரிசையில் காத்திருந்தனர். குளிர்சாதனப் பெட்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் வீட்டோடு கிடைத்தன. ஆனால் அதே போரில் போராடிய கறுப்பினத்தவருக்கு அங்கு இடமில்லை. தொடக்கத்தில் வாடகைக்கு விடப்பட்ட வீடுகளின் ஒப்பந்தத்திலேயே, வெள்ளையர் அல்லாதோர் அங்கு குடியிருத்தல் கூடாது என்று எழுதப்பட்டிருந்தது. வீட்டு வேலையாட்களுக்கு மட்டும் விலக்கு. இத்தகைய உடன்படிக்கைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாசகம் மறைந்தது, வழக்கம் மறையவில்லை.

கனடாவும் இதற்கு விலக்கன்று. ரொறன்ரோவை அடுத்த ஈஸ்ட் யோர்க்கில் ஒரு காணியின் உறுதியில், யூதர்களுக்கும் 'ஆட்சேபத்துக்குரிய தேசத்தவருக்கும்' அதனை விற்கலாகாது என்ற நிபந்தனை இருந்தது. 1945இல் ஒன்ராறியோ நீதிபதி கெய்லர் மக்கே, அது பொதுநலக் கொள்கைக்கு முரணானது எனக் கூறிச் செல்லுபடியற்றதாக்கினார். நம்மவர்கள் பின்னாளில் ரொறன்ரோப் பகுதியில் வீடு வாங்கிக் குடியேறுவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே யாரோ ஒருவர் நீதிமன்றப் படியேறி அகற்றிய தடை அது.

மார்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11ஆம் திகதி, அமெரிக்காவின் நியாய வீட்டு வசதிச் சட்டம் கையெழுத்தானது. பாகுபாடு காட்டும் விளம்பரத்தை வெளியிடுவதும் அதன்படி குற்றமாகும். இங்கேதான் பத்திரிகைகள் சிக்கிக்கொண்டன. மேரிலாண்டின் சிறு பத்திரிகை ஒன்று, 'வெள்ளை வீட்டில்' வாடகைக்கு இடம் உண்டு என்ற விளம்பரத்தைப் பிரசுரித்தது. சுவரின் வர்ணம் அங்கே குறிப்பிடப்படவில்லை என்பதை எவரும் அறிவர். விளம்பரத்தை எழுதியவர் மட்டுமன்றிப் பிரசுரித்த பத்திரிகையும் பொறுப்பாளியே என 1972இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அடுத்து நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகைக்கு எதிராகவே வழக்கு எழுந்தது. இருபது ஆண்டுகளாக அதன் வீட்டு விளம்பரப் படங்களில் வாங்குவோராகத் தோன்றியவர்கள் அநேகமாக அனைவரும் வெள்ளையர் என்றும், கறுப்பினத்தவர் தோன்றினால் வாயிற்காவலராகவோ பராமரிப்பு ஊழியராகவோ தோன்றினர் என்றும் வழக்காளிகள் முறையிட்டனர். ஒரு வரிகூட எழுதாமல் படத்தினாலேயே வாசலை மூடலாம் என்ற இவ்வாதம் விசாரணைக்கு உரியதே என்று 1991இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆசிரிய பீடத்தில் சமத்துவம் பற்றித் தலையங்கம் தீட்டப்படும் அதே கட்டடத்தில், விளம்பரப் பகுதியில் என்ன அச்சாகிறது என்று எட்டிப் பார்க்கும் வழக்கம் எங்கள் தொழிலில் எங்குமே குறைவு.

அச்சம் மறுபுறமும் சென்றது. 'பிரதான படுக்கையறை', 'பஸ் தரிப்பிடத்துக்கு நடந்து செல்லும் தூரம்' போன்ற சொற்களும் எவரையேனும் ஒதுக்குமோ என்று முகவர்கள் தயங்கினர். அவற்றால் குற்றமில்லை என்று வீடமைப்புத் திணைக்களம் 1995இல் விளக்கம் அனுப்ப நேர்ந்தது.

முன்றலில் நடப்படும் பலகைக்கும் ஒரு வழக்கு உண்டு. நியூ ஜேர்சியின் வில்லிங்பரோவும் லெவிட் கட்டிய நகரமே. நீதிமன்றம் தலையிட்ட பின்னரே கறுப்பினத்தவருக்கு அங்கு வீடு விற்கப்பட்டது. அவர்கள் வந்ததும் வெள்ளையர் வெளியேறத் தொடங்கினர். வீதியெங்கும் 'விற்பனைக்கு' என்ற பலகைகளைக் கண்டு பீதி பரவுகிறது எனக் கருதிய நகரசபை, 1974இல் அப்பலகைகளையே தடை செய்தது. கலந்து வாழும் நிலையைக் காப்பாற்றுவது அதன் நோக்கம், நல்ல நோக்கமே. ஆயினும் 1977இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. எங்கே வீடு விற்கப்படுகிறது என்பதை அறியும் உரிமையை மக்களிடமிருந்து பறிக்க முடியாது என்று அத்தீர்ப்பை எழுதியவர் தேர்கூட் மார்ஷல், அந்நீதிமன்றத்தின் முதலாவது கறுப்பின நீதியரசர். பலகையை மறைப்பதால் நன்மை விளையாது என்று அவர் எழுதியதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

ஏனெனில், பின்னர் வந்த பேஸ்புக் விளம்பரம் மறைக்கப்பட்ட பலகையே. வீதி முனையில் நிற்கும் பலகை வழியால் போகும் அனைவரின் கண்ணிலும் படும். இணையத்தில், விளம்பரம் யாருக்குக் காட்டப்படவில்லையோ அவருக்கு அது இருந்ததே தெரியாது. 2019இல் அமெரிக்க வீடமைப்புத் திணைக்களம் பேஸ்புக் மீது பாகுபாட்டுக் குற்றஞ்சாட்டியது. 2022இல் அதன் தாய் நிறுவனமான மெட்டா 115,054 டொலர் தண்டம் செலுத்தவும், விளம்பரத்துக்கு ஆட்களைத் தெரிவுசெய்யும் கருவி ஒன்றைக் கைவிடவும் இணங்கியது. அந்த நிறுவனத்துக்கு அது தேநீர்ச் செலவு.

2019 நவம்பரில் நியூஸ்டே பத்திரிகை, மூன்று ஆண்டுகள் உழைத்துத் திரட்டிய புலனாய்வை வெளியிட்டது. ஒத்த வருமானமும் ஒத்த தேவையும் உடையவர்களாக, ஆனால் வெவ்வேறு இனத்தவராக, இருவரை ஒரே முகவரிடம் தனித்தனியே அனுப்பி, இரகசியமாகப் பதிவு செய்தனர். களம், லெவிட்டவுண் அமைந்துள்ள அதே லோங் ஐலண்ட். சோதிக்கப்பட்ட முகவர்கள் 93 பேர். கறுப்பினத்தவர் 49 சதவீதமான சோதனைகளிலும், ஹிஸ்பானியர் 39 சதவீதமானவற்றிலும், ஆசியர் 19 சதவீதமானவற்றிலும் வேறுபட்ட முறையில் நடத்தப்பட்டதற்குச் சான்று கிடைத்தது. வெள்ளையருக்கு உடனே வீடு காட்டிய முகவர் சிலர், கறுப்பினத்தவரிடம் முதலில் வங்கிக் கடன் ஒப்புதற் கடிதம் கேட்டனர்.

இதன் பின்னர், 2020இல், நியூயோர்க் மாநிலம் ஒரு புதிய ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது. பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் என்ன, முறையிட வேண்டிய இடம் எது என்பவற்றைக் கூறும் அறிவித்தல் ஒன்று முகவர்களின் அலுவலகங்களிலும் இணையத்தளங்களிலும் மட்டுமன்றி, ஒவ்வொரு திறந்த வீட்டிலும் வருவோர் கண்ணில் படும்படி வைக்கப்பட வேண்டும். கேட்பவருக்குப் பிரதியும் கொடுக்கப்பட வேண்டும். வருகைப் புத்தகம் வைத்திருக்கும் மேசையில் இப்போது அந்தக் காகிதத்துக்கும் இடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.